மணியாச்சியில் காத்திருந்த வண்டி

1911 மார்ச்சில் அமெரிக்காவில் 'தி லோன்டேல் ஆபரேட்டர்' என்றொரு மௌனப் படம் வெளியானது. டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்தது, ஓடுவது கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆளரவமில்லாத ஒரு ரயில் நிலையம். தந்தி அடிக்கும் தகப்பனாருக்கு உடம்புக்கு முடியவில்லை, அவர் இடத்தில் மகள் வந்து உட்கார்கிறாள். சுரங்கத் தொழிலாளிகளின் சம்பளப் பணம் ஒரு பையில் வந்து இறங்குகிறது. அதைக் குறிவைத்து இரண்டு திருடர்கள். அவள் கதவைப் பூட்டிக்கொண்டு அடுத்த நிலையத்துக்குத் தந்தி அடிக்கிறாள். அவளை விரும்புகிறவன் என்ஜின் டிரைவர். சேதி கிடைத்ததும் என்ஜினைக் கிளப்பிக்கொண்டு வருகிறான். அதற்குமேல் படத்தில் மூன்றே இடங்கள்தான். திருடர்கள் முட்டுகிற கதவு, அவள் நிற்கும் அறை, புகையைக் கக்கியபடி ஓடும் என்ஜின். மறுபடி கதவு, அறை, என்ஜின். உதவி வந்து சேரும்வரை அவள் விளக்கை அணைத்துவிட்டு, கையில் பளபளக்கும் எதையோ நீட்டித் திருடர்களை நிற்கவைக்கிறாள். துப்பாக்கி என்று அவர்கள் பயந்தது ஒரு ஸ்பேனர்.

அந்தப் படம் வந்த மூன்றாம் மாதம், ஜூன் 17ஆம் தேதி காலை, திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டி மணியாச்சி ஜங்ஷனில் நின்றிருந்தது. தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக அங்கே காத்திருக்க வேண்டும். முதல் வகுப்புப் பெட்டியில் கலெக்டர் ஆஷும் அவர் மனைவியும் இருந்தார்கள். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பயணம். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி ஆஷைச் சுட்டார். பிறகு நடைமேடையில் ஓடி, அங்கிருந்த கழிப்பறைக்குள் புகுந்து, தன் உயிரையும் முடித்துக்கொண்டார். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. எல்லாம் சில நிமிடங்களுக்குள்.

இவற்றுக்குள் காரண காரியத் தொடர்பு கிடையாது. கிரிஃபித் மணியாச்சியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். வாஞ்சி அந்தப் படத்தைப் பார்த்திருக்க வழியில்லை. ஆனாலும் மௌனப் படங்களில் ரயில் வரும் கதைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மணியாச்சிதான் நினைவுக்கு வருகிறது. ஒரு வண்டி நிற்கிறது, இன்னொன்று வந்துகொண்டிருக்கிறது. அந்த இடைவெளிக்குள் ஓர் உயிர் போகலாம், ஓர் உயிர் பிழைக்கலாம். கிரிஃபித்தின் கலை முழுவதும் அந்த இடைவெளியின் மேல்தான் நிற்கிறது. வெவ்வேறு இடங்களில் ஒரே நேரத்தில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டுவதைச் சினிமா எங்கிருந்து கற்றுக்கொண்டது என்று கேட்டால், ரயில்வேயிடமிருந்து என்றுதான் நான் சொல்வேன். ரயில் வருவதற்கு முன் ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் நேரம் இருந்தது. தந்திக் கம்பியும் கால அட்டவணையும் வந்த பிறகே, இங்கே பத்தரை மணி என்றால் இருபது மைலுக்கு அப்பாலும் பத்தரை மணி, அங்கே புறப்பட்டது இங்கே இத்தனை மணிக்கு வந்தாக வேண்டும் என்ற எண்ணம் சாதாரண மனிதனின் தலைக்குள் ஏறியது. ஆஷ் மணியாச்சியில் எந்த நேரம் இருப்பார் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட முடிந்ததும் அதனால்தான்.

இதில் தூத்துக்குடிக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. லூமியேர் சகோதரர்கள் எடுத்த தொடக்ககாலப் படங்களில் இன்றுவரை அதிகம் பேசப்படுவது லா சியோத்தா நிலையத்துக்கு ரயில் வந்து நிற்கும் படம். ஐம்பது விநாடி. லா சியோத்தா பிரான்சின் தென்கடற்கரையில் கப்பல் கட்டுகிற ஊர் என்பதை ரயிலைப் பற்றிப் பேசுகிற யாரும் சொல்வதில்லை. 1896 ஜூலை 7ஆம் தேதி பம்பாய் வாட்சன் ஹோட்டலில் இந்தியா முதன்முதலாகச் சினிமா பார்த்தபோது காட்டிய படங்களில் ஒரு ரயில் வருகையும் இருந்தது. அப்போது தூத்துக்குடிக்கு ரயில் வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. 1875 டிசம்பரில் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இங்கே இறங்கி மதுரைக்கு ரயிலேறினார். ரயிலைப் பார்த்து வியக்கிற கட்டத்தை இந்தக் கரை எப்போதோ தாண்டிவிட்டது. இங்கே ரயில் என்றால் கடலுக்குப் போகும் வழி.

சென்னையிலிருந்து கிளம்பும் இலங்கை போட் மெயில் 1914 வரை தூத்துக்குடிக்குத்தான் வந்தது. பாம்பன் பாலம் திறந்த பிறகே அது தனுஷ்கோடிக்குத் திரும்பியது. வண்டி நேராகக் கப்பலருகே போய் நின்றுவிடாது. கரையோரக் கடலுக்கு ஆழம் போதாததால் கொழும்புக் கப்பல் மைல் கணக்கில் தள்ளி நங்கூரமிட்டிருக்கும். ரயிலில் இறங்கியவர்கள் படகேறி அங்கே போக வேண்டும். சரக்கு தோணியில் போகும். பிறகு ஓர் இரவுக் கடல். இறங்குகிற இடத்திலிருந்து சேர வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் எட்டவில்லை. மேற்கத்திய ரயில் படங்கள் எதிலும் இந்தக் காட்சியை நான் கண்டதில்லை. ஜான் ஃபோர்டின் 'தி அயர்ன் ஹார்ஸ்' 1924இல் வந்தது. அதில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளங்கள் நடுவில் சந்திக்கின்றன, தேசம் ஒன்றாகிறது. அந்த உச்சக்காட்சியின் பெருமிதத்தை நான் மதிக்கிறேன். தூத்துக்குடித் தண்டவாளம் அப்படி எதையும் சந்திக்கவில்லை. மணலில் போய் முடிந்தது.

அந்தத் தண்ணீரின் மேல் யார் கப்பல் விடுவது என்பதுதான் வ.உ.சி.யின் சண்டை. ரயில் கொண்டுவந்து இறக்கிய பயணிகளைக் கொழும்புக்கு ஏற்றிச் செல்லும் வியாபாரம் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. 1906இல் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பிறந்தது. 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய் இனாமாகவே ஏற்றிக்கொள்ளத் துணிந்தது. 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச் 12இல் வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலவரமும் துப்பாக்கிச்சூடும். அந்த நாட்களில் அதிகாரத்தில் இருந்தவர்களில் ஒருவர் ஆஷ். இந்த வரலாறு தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான், விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் கவனிக்கச் சொல்வது இடங்களை. கொழும்புக்குப் போகும் கடலில் தொடங்கிய சண்டை, அந்தக் கடலுக்குப் போகிற ரயில்பாதையில், அந்தக் கப்பலோடு நேரம் பொருத்திய மெயிலுக்குக் காத்திருந்த ஒரு பெட்டியில் முடிந்தது. நாடகாசிரியர் எழுதியிருந்தால் இது வலிந்து பொருத்தியது என்று சொல்லியிருப்போம்.

இரண்டு இடங்கள், நடுவில் ஒரே நேரம் என்ற கணக்கைக் கற்க, முத்துக் குளிக்கும் இந்தக் கரைக்குத் தந்திக் கம்பி தேவைப்பட்டிருக்காது. குளியாளி கல்லோடு ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்குகிறான். ஒரு மூச்சு, ஒரு நிமிடம், பழகியவனுக்கு அதற்கும் சற்று மேல். படகின் மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்று இங்கே சொல்வார்கள். தங்கச்சி தாலி அறுக்காமல் பார்த்துக்கொள்கிற அக்கறை அவனுக்குத்தானே இருக்கும்? கீழே இருப்பவன் கடலடிப் பாரில் சிப்பியைத் தடவிக் கூடையில் போடுகிறான். மேலே இருப்பவனுக்கு அது எதுவும் தெரியாது, கயிறு அசைவது மட்டும் தெரியும். கயிறு குலுங்கியதும் இழுக்க வேண்டும். லோன்டேல் நிலையத்துப் பெண்ணின் தந்திக் கம்பி செய்த வேலை இதுதான். லூமியேரின் ஐம்பது விநாடிச் சுருளும் குளியாளியின் ஒரு மூச்சும் ஏறக்குறைய ஒரே நீளம் என்பது எனக்கு வெறும் தற்செயலாகப் படவில்லை. மனிதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றைக் கவனிக்கக்கூடிய நேரம் அவ்வளவுதான் போலிருக்கிறது.

கயிற்றின் மறுமுனையில் ஆளே இல்லாத ஒரு கூட்டம் இதே ரயிலில் வந்திறங்கியது. மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் தட்டப்பாறை என்று ஒரு நிலையம் இருக்கிறது. மண்டபம் முகாம் வருவதற்கு முன், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்திருந்த முகாம் அங்கேதான் இருந்தது. கங்காணி ஊரில் ஆள் பிடித்துக் கூட்டிவருவான். ஒவ்வொருவர் கழுத்திலும் தோட்டத்தின் எண் குத்திய ஒரு தகர வில்லை தொங்கும். ரயில் செலவு, சோறு, கப்பல் கட்டணம் எல்லாம் அந்த எண்ணின் மேல் பற்று எழுதப்படும்; கடைசியில் அது கூலியின் கடனாக அவன் தலையில் வந்து விடியும். அந்த வில்லைக்குத்தான் டிக்கெட் என்று பெயர். போய்ச் சேருகிற இடத்தைச் சுமந்துகொண்டு போகிறவன் அவன், ஆனால் அதைப் படிக்க அவனுக்குத் தெரியாது. போட் மெயிலின் முதல் வகுப்பில் துரைகள் வந்தார்கள், மூன்றாம் வகுப்பில் இவர்கள் வந்தார்கள். அந்தப் பாதையில் மிகப் பெரிய நாடகம் ஆஷின் கொலை என்றுதான் வரலாறு நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. மாதம் தவறாமல், வருடக்கணக்கில், தட்டப்பாறையில் நடந்துகொண்டிருந்ததுதான் பெரிய நாடகம். அதில் துப்பாக்கி வெடிக்கவில்லை, அதனால் பத்திரிகையிலும் வரவில்லை.

ரயிலின் அருகில் வாழ்கிறவர்களை முதன்மையாக வைத்து எடுத்த மௌனப் படம் ஒன்று உண்டென்றால் அது ஆபெல் கான்ஸின் 'லா ரூ'. 'சக்கரம்' என்று பொருள். 1923இல் பிரான்சில் வெளியானது. சிசிஃப் என்ற என்ஜின் டிரைவர் ஒரு ரயில் விபத்தில் அநாதையான பெண் குழந்தையைத் தூக்கிவந்து தன் மகளாக வளர்க்கிறார். அவள் பெரியவளானதும் அவர் மனம் தடுமாறுகிறது. உடன் வளர்ந்த மகன் மனமும் தடுமாறுகிறது. கதையை இப்படிச் சொன்னால் நாலாம்தர மெலோடிராமா போலத் தெரியும். படம் அப்படி இல்லை. நீஸ் நகரத்து ரயில் யார்டில், தண்டவாளங்களுக்கு நடுவிலேயே வீட்டைக் கட்டிப் படமெடுத்தார் கான்ஸ். சன்னலைத் திறந்தால் என்ஜின், கதவைத் திறந்தால் புகை. எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் அந்த மனிதர்களின் தோலிலேயே ஊறியிருக்கின்றன. வளர்ப்பு மகளை மணம் முடித்துக் கொடுக்க அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது, வெறி தலைக்கேறி வண்டியை விபத்துக்குள்ளாக்கப் பார்க்கிறார். சக்கரம், தண்டவாளம், அவர் முகம், அவள் முகம், அழுத்தமானியின் முள். ஒவ்வொரு துண்டும் முந்தியதைவிடக் குறுகிக்கொண்டே வருகிறது. பிற்பகுதியில் மகன் மலையுச்சியிலிருந்து விழப்போகும்போது ஒரு காட்சித்துணுக்கு ஒரே ஒரு ஃபிரேம் வரைக்கும் சுருங்கிவிடுகிறது. கண் இமைப்பதற்கு முன் அவன் வாழ்க்கை ஓடி முடிந்துவிடும். ரஷ்யர்கள் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாடம் படித்தார்கள் என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பார்வை மங்கிப்போன சிசிஃபைப் பெரிய என்ஜினிலிருந்து இறக்கி, மலையேறும் சின்ன ரயிலுக்கு மாற்றிவிடுகிறார்கள். நாள் முழுதும் தடதடத்த ஒருவர் பனியின் நடுவில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த முகம் பழக்கமானதாக இருக்கும்.

படம் எடுத்த நாட்களில் கான்ஸின் துணைவி ஈடா தானீஸ் காசநோயால் நலிந்துகொண்டிருந்தார். அவருக்கு மலைக்காற்று வேண்டும் என்பதால் கதையும் மலைக்கு ஏறியது. 1921 ஏப்ரலில் அவர் இறந்தார். சிசிஃபாக நடித்த செவெரின்-மார்ஸும் அதே ஆண்டில் போய்விட்டார். வெட்டிக் குறைக்கப்பட்டு வெவ்வேறு நீளங்களில் சுற்றிக்கொண்டிருந்த அந்தப் படத்தை 2019இல் ஏறத்தாழ ஏழு மணி நேரத்துக்குச் சீரமைத்துத் திரையிட்டார்கள். ஒரு தேசம் தன் ரயில்காரர்களின் முகங்களை நூறு வருடம் கழித்தும் பார்த்துக்கொள்ள முடிகிறது. இதைப் பொறாமையோடுதான் எழுதுகிறேன்.

பொறாமைக்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சினிமாவைத் தொடங்கிவைத்தவரே ஒரு ரயில்வேக்காரர். சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன். 1905இல், ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்த டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அவரிடமிருந்த புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வின்சென்ட் வாங்கினார். வயது இருபத்திரண்டு. வேலையை விட்டுவிட்டுக் கொட்டகையும் கருவியுமாகக் கிளம்பினார். இயேசுவின் வாழ்க்கைப் படம் அவரிடம் இருந்தது. பாஸ்கு நாடகம் பார்த்து வளர்ந்த ஒரு கடற்கரைக்காரன் அந்தச் சுருளை எப்படிப் பார்த்திருப்பான் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. தண்டவாளம் போன வழியே போய் லாகூர், பெஷாவர் வரைக்கும் படம் காட்டினார். பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். பாதைகளுக்கும் பாலங்களுக்கும் கோடு போட்ட கை அது. எந்த ஊருக்கு எந்த வண்டி, எங்கே இறங்கி எங்கே மாறுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சினிமா தமிழ்நாட்டுக்குள் ரயில்வேயின் நரம்பு வழியாகத்தான் ஓடியது. 1931இல் 'காளிதாஸ்' என்ற பேசும்படத்தின் பெட்டி பம்பாயிலிருந்து சென்னை சென்ட்ரலில் வந்து இறங்கியபோது, ஜனங்கள் தேங்காய் உடைத்து, பூப்போட்டு, வால்டாக்ஸ் ரோடு வழியாக ஊர்வலமாகக் கினிமா சென்ட்ரலுக்குக் கொண்டுபோனார்கள். ரயிலில் வந்த பெட்டிக்குச் சாமி மரியாதை. மௌனப் படக் காலம் அதோடு முடியத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் இங்கே திரையில் ஓடியவற்றில் பெரும்பகுதி அமெரிக்கப் படங்கள். ரயில் கொள்ளை, ஓடும் பெட்டியின் கூரைமேல் சண்டை, தண்டவாளத்தில் கட்டிப்போட்ட ஆள். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் கதை சொல்வார். தேவைப்பட்டால் வசனமும் பேசுவார். ஆக, மௌனப் படம் என்று நாம் சொல்வது நம் கொட்டகைகளில் ஒருநாளும் மௌனமாக இருந்ததில்லை. ரயில் கதைகளில் பெண்களுக்குக் கிடைத்த வீரமும் அங்கிருந்து வந்ததுதான். 1914இல் தொடங்கி 119 பாகங்கள் வந்த 'தி ஹசார்ட்ஸ் ஆஃப் ஹெலன்' தொடரின் நாயகி ஒரு தந்திக்காரி, என்ஜினிலிருந்து என்ஜினுக்குத் தாவுகிறவள். அந்த ரத்தம்தான் 1936இல் 'மிஸ் ஃபிரான்டியர் மெயில்' நாடியாவிடம் வந்தது. பம்பாயில் வந்தது, நம்மிடம் வரவில்லை. சென்னையில் எடுத்த மௌனப் படங்கள் புராணத்தில் தொடங்கின. நடராஜ முதலியார் 'கீசகவதம்' எடுத்தார்; இன்று அதில் ஓர் அடிகூட மிஞ்சவில்லை. நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், இற்றும் போகும். காப்பாற்றி வைக்க வேண்டும் என்ற எண்ணமும் யாருக்கும் இருக்கவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்தவர் தொடங்கிவைத்த தொழிலில், ரயில்வேயில் வேலை பார்த்தவர்களைப் பற்றி ஒரு மௌனப் படம் இல்லை. 1928இல் சிங்காரவேலர் முன்னின்ற தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தில் தடியடியும் சிறையும் பட்டவர்கள் கான்ஸின் யார்டில் இருந்தவர்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை. அவர்கள் முகங்களை நாம் எங்கே பார்ப்பது?

மணியாச்சி திரைக்கு வர ஐம்பது வருடம் ஆயிற்று. 1961இல் பி. ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்'. சிவாஜியின் நடிப்பும் அந்தப் படம் வ.உ.சி.க்குச் செய்த நியாயமும் பெரியவை. ஆனால் அது வ.உ.சி.யின் கதை, மணியாச்சி அதில் ஒரு கிளை. வசனத்தால் ஓடுகிற படத்தில் காத்திருப்புக்கு இடம் கொடுப்பது கடினம். மணியாச்சியில் அந்தக் காலை அரங்கேறியதில் பேச்சு ஏறக்குறைய இல்லவே இல்லை. நின்றிருக்கும் வண்டி, எதிரெதிரே உட்கார்ந்த இருவர், நடைமேடையில் நடந்து வரும் வாஞ்சியும் அவர் கூட்டாளியும், தூரத்தில் வந்துகொண்டிருக்கும் மெயில். கிரிஃபித் கையில் கொடுத்திருந்தால் வசனம் எழுதிய ஓர் அட்டைகூடத் தேவைப்பட்டிருக்காது. தூத்துக்குடிக் கரையில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்ததும் அதே 1961இல்தான். அதற்குப் பிறகு சலாபம் நடத்தும் அளவுக்குப் பாரில் சிப்பி விளையவில்லை. கயிறு பிடித்தவர்களும் குளித்தவர்களும் சங்குக்கும் மீனுக்கும் போனார்கள்.

இன்றைக்கு ஒருவர் இந்தப் பாதையை வைத்துப் படம் எடுக்க வந்தால், அவர் மணியாச்சியில் தொடங்குவார் என்பது எனக்குத் தெரியும். நிலையத்துக்கே இப்போது வாஞ்சி மணியாச்சி என்று பெயர். எடுக்கட்டும், ஆனால் கேமராவை அங்கேயே நிறுத்திவிட வேண்டாம். இன்னும் சில மைல் தள்ளித் தட்டப்பாறையில் ஒன்றை வைக்கட்டும். கப்பல் நிற்கிற இடத்தில் ஒன்று, கூலியை அனுப்பிவிட்டு ஊரில் உட்கார்ந்திருக்கும் அவன் வீட்டில் ஒன்று. முகாம், கப்பல், வீடு. மறுபடி முகாம், கப்பல், வீடு. நூறு வருடத்துக்கு முன் ஒரு தந்திக்காரியைக் காப்பாற்றப் பயன்பட்ட அதே உத்திதான். இதில் எந்த என்ஜினும் உதவிக்கு வராது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இயக்குநர் நடிகரைத் தேடுவதற்கு முன் 1911ஆம் வருடத்துப் போட் மெயிலின் கால அட்டவணையையும், எண் குத்திய அந்தத் தகர வில்லை ஒன்றையும் தேடிக் கையில் எடுத்துக்கொள்ளட்டும். எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் நின்றது என்று அது சொல்லும். யார் கணக்கில் எழுதினார்கள் என்று இது சொல்லும்.